இறகு யாருடையது?

அமெரிக்கச் சாரணர்களிடம் 'ஆர்டர் ஆஃப் தி ஆரோ' என்று ஒரு கௌரவச் சங்கம் உண்டு. 1915-ல் டெலவேர் ஆற்றுத் தீவில் இருந்த ட்ரெஷர் ஐலண்ட் முகாமில் குட்மேன், எட்சன் என்ற இருவர் ஆரம்பித்தது. பேர் கொடுத்தெல்லாம் சேர முடியாது. கூட இருக்கும் சாரணர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கணும். அப்புறம் ஒரு ராத்திரி வெட்டவெளியில் தனியாகப் படுக்கை. மறுநாள் வாய் பேசாமல், அரைவயிறு சாப்பிட்டு, முகாமுக்காக வேலை. சங்கத்தில் இல்லாதவனுக்கும் ஓட்டு உண்டு என்பது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம்.

இதுவரைக்கும் ஓகே. பிரச்சினை, தலையில் வைத்த இறகுதான்.

ரொம்ப காலமாக இந்தச் சடங்குகளில் பையன்கள் பழங்குடி வேஷம் கட்டினார்கள். லெனாப்பே மக்களின் பாரம்பரியமாம்! சடங்கில் வரும் சிங்காச்குக், அன்காஸ் என்ற பேர்கள் ஃபெனிமோர் கூப்பர் என்ற வெள்ளைக்காரர் 1826-ல் எழுதிய நாவலில் வருபவை. பல இடங்களில் வைத்துக்கொண்ட நீள இறகுக் கிரீடமோ லெனாப்பேக்களுடையதே இல்லை, சமவெளிப் பழங்குடிகளுடையது.

"மரியாதை செய்யத்தானே செய்தோம்" என்பார்கள். சரி, கணக்குப் பார்ப்போம்.

1737-ல் 'ஒன்றரை நாளில் நடக்கிற தூரம்' என்று ஒப்பந்தம் பேசி, ஓட்டக்காரர்களை விட்டு அந்த மக்களின் நிலத்தைச் சுருட்டினார்கள், பென் குடும்பத்தார். கடைசியில் அவர்களில் பெரும்பகுதியினர் ஓக்லஹோமா வரைக்கும் துரத்தப்பட்டார்கள். 1883-ல் பழங்குடிகளின் சடங்கு நடனங்களை அரசே குற்றமாக்கியது. சங்கம் ஆரம்பித்த 1915-ல், பக்கத்துப் பென்சில்வேனியாவில் கார்லைல் உறைவிடப் பள்ளி நடந்துகொண்டிருந்தது. பழங்குடிப் பிள்ளைகளின் முடியை வெட்டி, தாய்மொழி பேசக் கூடாது என்று வளர்த்த பள்ளி அது. அதாவது, சொந்தக்காரப் பிள்ளைக்குத் தடை, வெள்ளைக்காரப் பையனுக்கு அது கேம்ப் ஃபயர் விளையாட்டு.

நான் படிக்கிற காமர்ஸில் ஒரு கம்பெனியின் பேரை எடுத்தால்கூட குட்வில்லுக்கு விலை வைக்கணும். இங்கே நிலம் போச்சு, மொழி போச்சு, மிச்சமிருந்த பேரையும் ஓசியிலேயே எடுத்துக்கொண்டார்கள். கேட்காமல் எடுப்பதற்குப் பேர் மரியாதையா?

2019 முதல், சின்னப் பையன்கள் மேல்பிரிவுக்கு மாறும் விழாவில் இந்த வேஷம் வேண்டாம் என்று தலைமையே சொன்னது. உடனே "பாரம்பரியம் போச்சே" என்று ஒரு புலம்பல். என்ன போச்சு? ஓட்டு இருக்கிறது, மௌனம் இருக்கிறது, உழைப்பு இருக்கிறது. அவை யாரிடமும் திருடியவை இல்லை. இறகு இல்லாமல் அவற்றுக்கு மதிப்பில்லை என்றால், இத்தனை வருஷமாக அங்கே பையன்கள் கற்றுக்கொண்டதுதான் என்ன?

மாற்றுக் கருத்து இருக்கிறவங்க வாங்க, சண்டை போடலாம்.