பரிசு விழுந்த கதையை வெளியே சொல்லுங்கள்



சென்ற வாரம் உப்பிலியபுரம் கடைவீதியில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது ஒருவர் சொன்னார்: "பரிசு விழுந்திருக்கு, டூர் போகலாம்னு எவனோ போன்ல சொன்னா நம்பி ஓடுறாங்களே, அந்தப் பேராசைக்கு நல்லா வேணும்." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். வீட்டுக்கு வந்த பிறகு அந்தச் சிரிப்பு உறுத்தியது. ஏனென்றால், ஓடியவர்களில் நானும் ஒருவன். என் மகனுக்குக்கூடச் சொல்லாததை இன்று எழுதுகிறேன்.

2019 பொங்கலுக்குத் துணி எடுக்கத் திருச்சி போயிருந்தோம். தெப்பக்குளம் பக்கம் ஒரு கடையில் பெயரும் போன் நம்பரும் எழுதி ஒரு கூப்பனைப் பெட்டியில் போட்டோம். பத்து நாளில் போன் வந்தது. "சார், வாழ்த்துக்கள்! குலுக்கல்ல உங்க பேரு வந்திருக்கு. மூணாறுல மூணு பகல், ரெண்டு ராத்திரி, எல்லாம் இலவசம். அம்மாவையும் கூட்டிக்கிட்டு வந்து வாங்கிக்கணும்." அந்தப் பெண் அத்தனை மரியாதையாகப் பேசினாள். அப்படிப் பேசுகிறவர்களிடம் பட்டென்று போனை வைக்க நம் தலைமுறைக்குத் தெரியாது.

துறையூர் வழியாக பஸ் பிடித்துத் திருச்சிக்குப் போனோம். ஹோட்டல் ஒன்றின் கூடத்தில் வரிசையாக மேசைகள். மேசைக்கு ஒரு தம்பதி, ஒரு இளைஞன். பரிசைப் பற்றிய பேச்சே இல்லை; 25 ஆண்டுக்கான விடுமுறை இல்ல உறுப்பினர் திட்டம் பற்றித்தான் பேச்சு. ஒன்றரை மணி நேரம் விடவில்லை. யாராவது கையெழுத்துப் போட்டால் கூடமே கைதட்டியது. விலை 1,40,000 ரூபாய், அதுவும் இன்று மட்டும். "வீட்ல கலந்துக்கிட்டுச் சொல்றேன் தம்பி" என்றேன். "அம்மா இங்கதானே சார் இருக்காங்க, இப்பவே கேளுங்க" என்றான். ஏன் ஜோடியாக வரச் சொன்னார்கள் என்பது அப்போதுதான் புரிந்தது. புரிந்தும் முன்பணமாக 20,000 ரூபாயை ஏ.டி.எம். கார்டில் கட்டிவிட்டுத்தான் எழுந்தேன். பரிசுக் கூப்பனைப் படித்தது பஸ்ஸில். போக்குவரத்து நம் செலவு. விடுமுறை நாட்களில் செல்லாது. பதிவுக் கட்டணம் 4,000. முன்பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, திருப்பித் தரப்படாது என்று நான் கையெழுத்திட்ட தாளிலேயே இருப்பதாகச் சொன்னார்கள். இருந்தது.

முப்பது ஆண்டுக்கு மேல் அரசு அலுவலகத்தில் கோப்பு பார்த்தவன் நான். படிக்காமல் கையெழுத்துப் போடாதே என்று எத்தனையோ இளைய எழுத்தர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த சிறுவனாக, அப்பாவுடன் நொத்தேர் அலுவலகத்துக்குப் போன நினைவு உண்டு. பத்திரத்தை முழுக்க வாசித்துக் காட்டிய பிறகுதான் அந்த மனிதர் பேனாவை நீட்டுவார். இத்தனையும் தெரிந்த நான் ஏமாந்தேன். வெட்கம் வாயைக் கட்டிவிட்டது.

அதன் விலையைச் சென்ற ஆண்டு பார்த்தேன். இதே ஊரில் என் நண்பர், ஓய்வுபெற்ற ஆசிரியர், அதே மாதிரி ஒரு கூடத்தில் ஒரு லட்சத்துக்கு மேல் கட்டிவிட்டு வந்து நின்றார். அப்போதுதான் என் கதையைச் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றே: "அண்ணே, இதை முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?" பதில் சொல்ல முடியவில்லை.

ஆகவே டீக்கடை நண்பருக்குச் சொல்கிறேன்: ஆசை இருந்தது உண்மை. என் வீட்டுக்காரி மூணாறு பார்த்ததில்லை. அது பேராசையா? நம் ஏளனம் ஏமாற்றுகிறவனைச் சுடுவதில்லை. ஏமாந்தவனைத்தான் வாய் மூட வைக்கிறது. அவன் மூடிய வாயை நம்பித்தான் அடுத்த மேசை போடப்படுகிறது.

சட்டம் இந்த ஏளனத்தின் பக்கம் இல்லை. பிஸ்கட் பாக்கெட்டில் பரிசு அறிவிப்புக்குக் கீழே 'தமிழ்நாட்டில் செல்லாது' என்று பொடி எழுத்தில் பார்த்திருப்பீர்கள். பொருள் வாங்குவோருக்குப் பரிசு காட்டி இழுப்பதை இங்கே 1979-லேயே சட்டம் போட்டுத் தடுத்தார்கள். தருவதாகச் சொன்ன பரிசைத் தரும் எண்ணமே இல்லாமல் அறிவிப்பது நியாயமற்ற வணிகமுறை என்கிறது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, அதாவது திருச்சி நுகர்வோர் ஆணையத்திலேயே மனு போடலாம். கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். வெட்கப்பட்டுக்கொண்டிருந்ததில் எனக்கு அந்தக் கெடு போய்விட்டது. நண்பருக்குப் போகவில்லை. மனுவை நான்தான் எழுதினேன், விசாரணை நடக்கிறது.

சட்டத்திலும் ஓட்டை இருக்கிறது. ஐரோப்பிய நாடுகளில் இத்தகைய விடுமுறை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பிறகும் 14 நாளுக்குள் காரணம் சொல்லாமல் விலகலாம். அந்த நாட்கள் முடியும்வரை முன்பணம் வாங்குவதே கூடாது. நம் நாட்டிலும் இன்ஷூரன்ஸ் பாலிசியைப் படித்துப் பார்த்துத் திருப்பித்தர 30 நாள் அவகாசம் தருகிறார்கள். விடுமுறைத் திட்டத்துக்கும் அதைத் தந்தால் என்ன? ஒரு ராத்திரி தூங்கி எழுந்தாலே பாதிப் பேர் தப்பிவிடுவார்கள். 'இன்று மட்டும்' என்று அவர்கள் அவசரப்படுத்துவதும் அதனால்தான். இதைக் கேட்டு நாம் ஆளுக்கொரு கடிதம் எழுத வேண்டும்.

அதுவரை செய்யக்கூடியவை சில. விளம்பர அழைப்பு 140 என்று தொடங்கும் எண்ணிலிருந்துதான் வர வேண்டும் என்பது விதி. சாதாரணப் பத்து இலக்க எண்ணிலிருந்து பரிசு என்றால் அங்கேயே வைத்துவிடுங்கள். அது மரியாதைக் குறைவு அல்ல. 1909-க்குப் போன் செய்து விளம்பர அழைப்பு வேண்டாம் என்று பதிவு செய்யலாம். வணிகப் புகார்களுக்கு 1915. போனிலோ இணையத்திலோ மோசடியாகப் பணம் போயிருந்தால் அன்றே 1930.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ இப்படி ஏமாந்தவர் இருந்தால் திட்டாதீர்கள். ரசீதையும் ஒப்பந்தத் தாளையும் தேடி எடுக்கச் சொல்லுங்கள். மனு எழுத ஆள் இல்லையென்றால் நான் இருக்கிறேன். மகனுக்கு இன்று இரவு நானே சொல்லிவிடுகிறேன். டீக்கடையில் நாளைக் காலை.