பருவுக்கும் கண்ணுக்கும் என்ன தொடர்பு?

சென்ற மாதம் எமது பழைய மாணவர் ஒருவர் எம்மைக் காண வந்திருந்தார். சிறு வயது முதலே மூக்குக்கண்ணாடி அணிந்தவர். லேசர்க் கதிரினாற் செய்யும் ‘லாசிக்’ சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்தாயிற்று என்று மகிழ்ச்சியோடு கூறினார். அவருடைய உதடுகள் வறண்டு வெடித்திருந்தமை கண்டு காரணம் வினவினோம்.

“முகப்பருவுக்குக் குளிசை எடுக்கிறேன், ஐயா. அதனால் வந்தது.”

“கண் வைத்தியரிடம் இதனைச் சொன்னீரா?”

“மருந்து ஏதும் எடுக்கிறீரா என்று படிவத்திற் கேட்டிருந்தார்கள். இல்லை என்று எழுதிவிட்டேன். பருவுக்கும் கண்ணுக்கும் என்ன தொடர்பு, ஐயா?”

அவர் பொய்யர் அல்லர். தொடர்பில்லை என்றே மெய்யாக நம்பினார். அவரைப் போல நம்புவோர் பலர் இருப்பர் ஆதலின், அவருக்குக் கூறிய விடையை இங்கும் எழுதுகின்றோம்.

கடுமையான பருவுக்குக் கொடுக்கப்படும் ஐசோரெற்றினோயின் என்னும் மருந்து விற்றமின் ‘ஏ’ இனத்தைச் சேர்ந்தது. 1982ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. தோலிலுள்ள நெய்ச்சுரப்பிகளைச் சுருக்கி எண்ணெய்ப் பசையைக் குறைத்தலே அதன் தொழில். ஆறாத தழும்புகளினின்றும் பலரைக் காத்த நல்ல மருந்து அது. ஆயினும், கன்னத்துச் சுரப்பி எது, கண்ணிமைச் சுரப்பி எது என்று பிரித்தறிய அதற்குத் தெரியாது.

நம் இமைகளின் ஓரத்தே நுண்ணிய சுரப்பிகள் வரிசையாக அமைந்துள்ளன. ஜெர்மனிய வைத்தியர் ஹைன்றிக் மைபோம் 1666ஆம் ஆண்டில் இவற்றை விவரித்தமையால் மைபோமியன் சுரப்பிகள் எனப் பெயர் பெற்றன. இவையும் நெய்ச்சுரப்பி இனமே. நாம் கண் சிமிட்டுந்தோறும் கண்ணீரின்மேல் மெல்லிய எண்ணெய்ப் படலமொன்றைப் பரப்பி, அந்நீர் விரைந்து ஆவியாகாது காப்பன இவையே. இவை சுருங்கினாற் கண் வறண்டு உறுத்தும். இம்மருந்தாற் சிலருக்கு இரவுப் பார்வை மங்குதலும் உண்டு.

இனி, சத்திரசிகிச்சையை நோக்குவோம். கிரேக்க வைத்தியர் பல்லிகாரிஸ் முதலானோர் 1990ஆம் ஆண்டளவில் உருவாக்கிய முறை இது. கண்ணின் முன்புறத்தே பளிங்கு போல விளங்கும் விழிவெண்படலம் ஏறக்குறைய அரை மில்லிமீற்றர் தடிப்புடையது. அதன் மேற்படையை ஒரு மூடிபோல வெட்டி உயர்த்தி, அடியிலுள்ள பகுதியை லேசரினாற் செதுக்கி, மீண்டும் மூடிவிடுவர். வெட்டும்போது அங்குள்ள நுண்ணிய நரம்புகளும் அறுபடும். கண் வறண்டதென்று மூளைக்கு அறிவித்து நீர் சுரக்கச் செய்வன அந்நரம்புகளே. அவை மீண்டும் வளர மாதங்கள் செல்லும். ஆகவே, நல்ல கண்ணுடையாருக்கும் இச்சிகிச்சையின்பின் சில காலம் வறட்சி தோன்றுவதுண்டு.

குளிசை எண்ணெயைக் குறைக்கும். சத்திரம் நீரைக் குறைக்கும். இரண்டும் ஒருங்கே நேர்ந்தாற் கண்ணின் நிலை யாது? மேலும், வறண்ட கண்ணில் எடுக்கும் அளவுகளும் பிழைபடக்கூடும். அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற லேசர்க் கருவிகள் பலவற்றின் கைந்நூல்கள் இம்மருந்து எடுப்போரை விலக்கியமைக்குக் காரணம் இல்லாமல் இல்லை. இடரின்றித் தேறியவரும் உளர். ஆயினும், மருந்தை நிறுத்தி ஆறு மாதமளவு பொறுத்திருக்குமாறு கண் வைத்தியர் பலர் கூறுவர்.

பெற்றோருக்கும் மாணவருக்கும் நாம் கூறுவது இதுவே. தோல் வைத்தியரிடம் கண் சிகிச்சை பற்றிய எண்ணத்தையும், கண் வைத்தியரிடம் பருக் குளிசையையும் மறையாது சொல்லுங்கள். முன்னரே நிறுத்தியிருப்பினும், நிறுத்திய மாதத்தைச் சொல்லுங்கள். வைத்தியரைக் கேளாது மருந்தை நிறுத்தவும் வேண்டாம். நண்பரிடம் வாங்கி விழுங்கவும் வேண்டாம். கருவிலுள்ள குழந்தைக்குப் பெருங்கேடு விளைக்கும் மருந்து இது என்பதையும் பெண்கள் மறத்தலாகாது.

எம் மாணவர் மறுநாளே சென்று உண்மையைக் கூறினார். சிகிச்சை பிற்போடப்பட்டது. அவருக்குச் சிறிது மனச்சோர்வுதான். ஆயினும், இன்னுஞ் சில மாதங்கள் கண்ணாடியைச் சுமப்பது மூக்குக்குப் பெரும் பாரமன்று.