டோரதியின் சம்மதம்

1800 டிசம்பர் 28, ஞாயிற்றுக்கிழமை. கல்கத்தாவுக்கு வடக்கே, அன்று டேனிஷ்காரர்கள் வசமிருந்த செராம்பூரில், ஹூக்ளி நதிக்கரையில் ஒரு கூட்டம். டேனிஷ் கவர்னரும் வந்திருந்தார். பாதிரியார் வில்லியம் கேரி ஆற்றில் இறங்கி இருவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். ஒருவர் கிருஷ்ண பால் என்ற தச்சர். ஏழு வருடக் காத்திருப்புக்குப் பிறகு அந்த மிஷனுக்குக் கிடைத்த முதல் வங்காளி அவர்தான். இன்னொருவன் கேரியின் மூத்த மகன் ஃபீலிக்ஸ். இந்தியாவில் புராட்டஸ்டண்ட் மிஷன்களின் கதையை எழுதுகிறவர்கள் இந்தக் காட்சியை விடமாட்டார்கள்.

அதே நேரத்தில் மிஷன் வீட்டில் இரண்டு பேர் அடைத்து வைக்கப்பட்டிருந்தார்கள். ஒருவர் கேரியை இந்தியாவுக்கு அழைத்து வந்த டாக்டர் ஜான் தாமஸ். முதல் ஆள் கிடைத்துவிட்ட சந்தோஷத்திலேயே அவருக்குப் புத்தி கலங்கிவிட்டது. மற்றவர் கேரியின் மனைவி டோரதி. தாமஸ் பிறகு தெளிந்தார். டோரதி தெளியவேயில்லை.

கேரியைப் பற்றி நமக்குத் தெரியும். செருப்புத் தைத்துக்கொண்டே லத்தீனும் கிரேக்கமும் எபிரேயமும் கற்றவர். வங்காள உரைநடைக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவர். இலக்கணம், அகராதி, அச்சுக்கூடம், 1818-ல் செராம்பூர் கல்லூரி என்று பட்டியல் நீளும். டோரதியைப் பற்றி நமக்குக் கிடைப்பதெல்லாம் ஏறக்குறைய ஆண்கள் எழுதி வைத்தவை. அவருடைய கைத்தடம் என்று சொல்லத்தக்கது 1781 ஜூன் மாதத்துத் திருமணப் பதிவேட்டில் இருக்கிறது. இங்கிலாந்தின் நார்தாம்ப்டன்ஷயரில் பிடிங்டன் என்ற கிராமத்து தேவாலயத்தில், கையெழுத்துப் போடத் தெரியாத மணப்பெண் ஒரு சிலுவைக் குறி போட்டார். மாப்பிள்ளைக்கு இருபது வயது நிரம்பவில்லை. பெண் ஐந்தாறு வயது மூத்தவர். முதல் குழந்தை பிழைக்கவில்லை. அப்புறம் மூன்று பையன்கள்.

ஊர்ப் பள்ளியில் பாடம் சொல்லிக் கொடுப்பது, செருப்புத் தைப்பது, ஞாயிற்றுக்கிழமைகளில் பிரசங்கம் என்று குடும்பம் அரை வயிற்றோடு ஓடியது. கேரியின் மனமோ உலக வரைபடத்தில் அலைந்தது. 1792 அக்டோபர் 2-ம் தேதி கெட்டரிங் என்ற ஊரில் ஒரு விதவையின் வீட்டுப் பின்கூடத்தில் கூடிய பாப்டிஸ்ட் ஊழியர்கள் ஒரு மிஷன் சங்கத்தைத் தொடங்கினார்கள். சேர்ந்த தொகை 13 பவுண்டு, 2 ஷில்லிங், 6 பென்ஸ். மூன்று மாதம் கழித்து, 1793 ஜனவரியில், வங்காளத்திலிருந்து திரும்பியிருந்த டாக்டர் தாமஸுடன் போக யார் தயார் என்ற கேள்வி எழுந்தபோது கேரி தயார் என்றார். வீட்டில் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று அவர் சொல்லவில்லை. முடிவு செய்தபின் வீட்டுக்குச் சேதி வந்தது. மகனுக்குப் பைத்தியமா என்று கேரியின் தந்தை கேட்டதாகச் சொல்வார்கள்.

டோரதி மறுத்தார். அப்போது அவர் நிறைமாதத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்த கர்ப்பிணி. பிறந்த கிராமத்திலிருந்து ஒரு நாள் பயணத்துக்குள் அடங்கிய வாழ்க்கை அவருடையது. பிரான்ஸ் அப்போதுதான் இங்கிலாந்தின் மீது போர் அறிவித்திருந்தது. கடல் பயணமே ஆபத்தாகியிருந்தது. மௌனம் சம்மதம் என்பார்கள். இந்த அம்மாள் மௌனமாகக்கூட இருக்கவில்லை. முடியாது என்று வாய்விட்டே சொன்னார். கேரி மூத்தவன் ஃபீலிக்ஸை மட்டும் அழைத்துக்கொண்டு ஏப்ரலில் கப்பல் ஏறிவிட்டார். பிறகு வந்து குடும்பத்தை அழைத்துக்கொள்வதாக ஏற்பாடு.

கேரி கல்நெஞ்சர் அல்ல. கப்பல் தெற்குக் கடற்கரையில் தங்கியிருந்தபோது, நான்காவது மகன் பிறந்த சேதி கிடைத்து மனைவிக்கு அவர் எழுதிய கடிதம் இருக்கிறது. உலகமே தன்னிடம் இருந்தாலும் அதைக் கொடுத்துவிட்டு அவளையும் குழந்தைகளையும் பக்கத்தில் வைத்துக்கொள்வேன், ஆனால் கடமை அதைவிடப் பெரிது என்ற பொருளில் எழுதியிருந்தார். அந்த வரியை டோரதி எப்படிக் கேட்டிருப்பார் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

விதி வேறு விதமாக விளையாடியது. கிழக்கிந்தியக் கம்பெனியின் அனுமதி இல்லாமல் பாதிரிகள் இந்தியா போகக் கூடாது. தாமஸுக்கோ தலைக்கு மேல் கடன், பின்னால் துரத்தும் கடன்காரர்கள். கேப்டன் இருவரையும் இறக்கிவிட்டார். அடுத்து ஒரு டேனிஷ் கப்பல் கிடைத்தது. இடையில் இருவரும் பிடிங்டன் போனார்கள். டோரதி மறுபடியும் மாட்டேன் என்றார். திரும்பி நடந்தார்கள். பாதி வழியில் தாமஸுக்கு மனசு கேட்கவில்லை; கேரி தடுத்தும் தனியாகத் திரும்பிப் போனார். நீ வராவிட்டால் குடும்பம் என்றென்றைக்கும் சிதறிவிடும், ஆயுள் முழுக்க வருந்துவாய் என்று பயமுறுத்தியே இணங்க வைத்ததாக அவரே எழுதி வைத்திருக்கிறார். தங்கை கேத்தரின் கூட வந்தால் வருகிறேன் என்றார் டோரதி. தங்கையும் சரி என்றாள். ஒரே நாளில் வீட்டுச் சாமான்கள் விற்கப்பட்டன.

1793 ஜூன் 13-ம் தேதி டோவரிலிருந்து கப்பல் புறப்பட்டது. மூன்று சிறுவர்கள், ஒரு மாதம் தாண்டிய கைக்குழந்தை, பிரசவக் களைப்பு ஆறாத தாய். நன்னம்பிக்கை முனையைச் சுற்றி, ஏறக்குறைய ஐந்து மாதங்கள். நவம்பரில் கல்கத்தா.

பணப்பை தாமஸ் கையில் இருந்தது. சீக்கிரமே காலியானது. தாமஸ் நகரத்தில் வைத்தியம் பார்க்கப் போய்விட, கேரி குடும்பம் மானிக்தலாவில் ஒரு வங்காளிக் கனவான் தயவில் கிடைத்த தோட்ட வீட்டில் ஒண்டியது. டோரதிக்கும் ஃபீலிக்ஸுக்கும் சீதபேதி. இந்த மிஷனின் மகத்துவம் எனக்குத் தெரிகிற அளவுக்கு மனைவிக்கும் மைத்துனிக்கும் தெரியவில்லை, இருவரும் ஓயாமல் குறை சொல்கிறார்கள் என்று கேரியின் நாட்குறிப்பு அலுத்துக்கொள்கிறது. ரத்தமாகப் போய்க்கொண்டிருக்கும் பெண்ணிடமும் வேறு என்ன எதிர்பார்த்தாரோ!

1794 பிப்ரவரியில் படகில் சுந்தரவனக் காடுகளுக்குப் போனார்கள். இலவச நிலம் கிடைக்கும், காட்டை வெட்டிக் குடிசை போட்டுக்கொள்ளலாம் என்று திட்டம். புலிகள் நடமாடும் அந்த இடத்தில் கம்பெனியின் உப்பு அதிகாரி சார்ல்ஸ் ஷார்ட் என்பவர் முன்பின் தெரியாத இந்தக் குடும்பத்துக்குத் தன் பங்களாவில் இடம் கொடுத்தார். மதத்தில் நம்பிக்கையில்லாத மனிதர். ஆனால் சோறு போட்டவர் அவர்தான். கேத்தரின் அவரையே மணந்துகொண்டு அங்கே தங்கிவிட்டாள். யார் வந்தால்தான் நானும் வருவேன் என்று டோரதி நிபந்தனை போட்டாரோ, அந்தத் துணையும் நாலு மாதத்தில் போயிற்று.

பிறகு மால்டாவுக்கு வடக்கே மட்னாபட்டி. அங்கே ஜார்ஜ் உட்னி என்ற கம்பெனி அதிகாரியின் அவுரி ஆலைக்கு கேரி மேனேஜர். மாதம் 200 ரூபாய். முதல் முறையாகக் கையில் காசு, தலைக்கு மேல் கூரை. அந்த ஆண்டு அக்டோபரில் ஐந்து வயது பீட்டர் ஜுரத்தில் இறந்தான். கேரியும் படுத்த படுக்கை. சாதிக்குப் பயந்து சவப்பெட்டி செய்யவோ குழி தோண்டவோ ஆள் வரவில்லை. கடைசியில் நான்கு முஸ்லிம்கள் குழி வெட்டினார்கள். தூக்கிப் போகவும் ஆளில்லாமல் திண்டாடினார்கள்.

அடுத்த ஆண்டிலிருந்து டோரதியிடம் மாற்றம். கணவருக்கு வேறு பெண்களுடன் தொடர்பு இருப்பதாக அசைக்க முடியாத நம்பிக்கை. அவர் வெளியே போனால் பின்தொடர்வார். எல்லார் முன்னிலையிலும் ஏசுவார். உயிருக்கே ஆபத்தாகப் பாய்ந்ததும் உண்டு என்று அக்காலக் கடிதங்கள் சொல்கின்றன. மற்ற விஷயங்களிலெல்லாம் தெளிவாகவே பேசினாராம். அதனாலேயே முதலில் கேட்டவர்கள் நம்பவும் செய்தார்கள். இந்த நிலையில் 1796-ல் இன்னொரு மகன் பிறந்தான். கேரி பகலில் அவுரித் தொட்டிகளையும், மற்ற நேரத்தில் ராம் ராம் பாசு என்ற முன்ஷியின் துணையோடு வங்காள மொழிபெயர்ப்பையும் பார்த்துக்கொண்டார்.

1800-ல் செராம்பூரில் புதிதாக வந்த மிஷனரிகளுடன் சேர்ந்து கூட்டுக் குடும்பம் தொடங்கியது. தாயும் தகப்பனும் கவனிக்காமல் காடாக வளர்ந்திருந்த பையன்களை ஹன்னா மார்ஷ்மனும் அச்சுக்காரர் வில்லியம் வார்டும் வழிக்குக் கொண்டு வந்தார்கள். பைத்தியக்கார விடுதிக்கு மனைவியை அனுப்ப கேரி சம்மதிக்கவில்லை. அங்கே நடத்தும் விதம் அவருக்குத் தெரியும். அடுத்த அறைகளில் ஒன்றில் அவர் கூச்சலிட, இங்கே அச்சுப் பிரதிகள் திருத்தப்பட்டன. பன்னிரண்டு வருட நோய்க்குப் பின் 1807 டிசம்பர் 8-ம் தேதி டோரதி இறந்தார். ஐந்தே மாதத்தில் கேரி, ஷார்லெட் ரூமோர் என்ற படித்த டேனிஷ் பெண்மணியை மணந்தார். இவ்வளவு சீக்கிரமா என்று சகாக்களே முகம் சுளித்தார்கள். அந்த மணவாழ்க்கை மகிழ்ச்சியானது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

பின்னால் கேரியின் வரலாற்றை எழுதியவர்கள் டோரதியை ஒரு சுமையாகவே பார்த்தார்கள். இவரைவிடப் பரிவில்லாத துணை எந்தப் போதகருக்கும் வாய்த்ததில்லை என்ற பொருளில் 1885-ல் எழுதினார் ஜார்ஜ் ஸ்மித். டோரதிக்கென்று தனிப் புத்தகம் வர 1992 வரை ஆயிற்று. எழுதியவர் ஜேம்ஸ் பெக், உளவியல் அறிந்தவர். அதற்குள் அந்த அம்மாள் இறந்து 185 வருடங்கள்.

கேரியின் வாழ்க்கையிலேயே இதற்கு ஒரு விசித்திரமான எதிரொலி இருக்கிறது. 1799-ல் கல்கத்தாவுக்கு அருகே ஆற்றங்கரையில் ஒரு சதியை அவர் நேரில் பார்த்தார். இது இந்தப் பெண்ணின் சொந்த விருப்பமா, யாராவது தூண்டிவிட்டதா என்று கூட்டத்தைக் கேட்டார். முழுக்க அவள் சம்மதம் என்றார்கள். அவர் நம்பவில்லை, வாதாடினார், முடிந்தவரை அந்தப் பெண்ணையே தடுக்கப் பார்த்தார். முப்பது வருடம் கழித்து, 1829-ல் சதியை ஒழித்த உத்தரவை வங்காளியில் பெயர்த்தவரும் அவரே. சிதையும் கப்பலும் ஒன்றல்ல. ஆனாலும் வற்புறுத்திப் பெற்ற சம்மதம் சம்மதமே அல்ல என்று ஹூக்ளிக் கரையில் கண்டுகொண்டவர், பிடிங்டனில் அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொள்ளவில்லை.

கேட்ட ஒருவர் உண்டு. 1810-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் அடோனிராம் ஜட்சன் என்ற இளைஞர், தான் விரும்பிய ஆன் ஹேசல்டைன் என்ற பெண்ணின் தந்தைக்குக் கடிதம் எழுதினார். இந்த உலகத்தில் மகளை மறுபடி பார்க்கவே முடியாமல் போகலாம், கஷ்டங்களும் கொடூரமான மரணமும்கூட நேரலாம், இதற்குச் சம்மதமா என்று ஒளிவுமறைவில்லாமல் கேட்டிருந்தார். தந்தை முடிவை மகளிடமே விட்டார். ஆன் யோசித்துச் சரி என்றார். 1812 பிப்ரவரியில் மணம் முடித்து, இரண்டே வாரத்தில் கப்பல் ஏறினார்கள். ஆனுக்கும் வாழ்க்கை கருணை காட்டவில்லை. பிறந்த மகன் எட்டு மாதத்தில் போனான். கணவர் பர்மிய மன்னரின் சிறையில் கிடந்தார். 36 வயதில் ஆன் இறந்தார். ஆனால் போகும் பாதை இதுதான் என்று முன்பே சொல்லப்பட்டு, தெரிந்தே கால் வைத்தவர் அவர்.

கல்கத்தாவிலிருந்து கம்பெனி விரட்டிய பிறகு, 1813 ஜூலையில் ஜட்சன் தம்பதியர் ரங்கூனில் போய் இறங்கினார்கள். அவர்கள் தங்க இடம் கிடைத்தது ஃபீலிக்ஸ் கேரியின் வீட்டில். தாய் இறந்த அதே 1807-ல் பர்மாவுக்கு மிஷனரியாகப் போனவர் அந்த ஃபீலிக்ஸ். டோரதி வரமாட்டேன் என்று பிடிங்டனிலேயே நின்றுவிட்ட அந்த முதல் கப்பலில், ஏழு வயதில், அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஏறிய பையன்.