கதவு வைத்த டிவி



தீபாவளிக்கு முன் சித்தி வீட்டு ஸ்டோர்ரூமை ஒழித்துக் கொடுக்கப் போயிருந்தேன். பித்தளை அண்டா, உடைந்த மேசை விசிறி, எல்லாவற்றுக்கும் பின்னால் நான்கு கால்களோடு ஒரு மரப்பெட்டி. இரு பக்கமும் இழுத்து மூடும் கதவு. திறந்தால் சாம்பல் நிறக் கண்ணாடி, ஓரத்தில் 'செட்ரான்' என்ற பெயர்.

"இது நம்ம ஊர்ல செஞ்ச டிவி. பழைய சாமான் வாங்குற காராங் குனிக்காரன்கிட்ட குடுத்துடாதே" என்றார் சித்தி.

உங்களில் எத்தனை பேருக்கு இந்தப் பெயர் நினைவிருக்கிறது? சிங்கப்பூரின் முதல் டிவி தயாரிப்பு நிறுவனம் செட்ரான். 1960களின் நடுவில் தாங்ளின் ஹால்ட்டில் தொடங்கி, பிறகு குவீன்ஸ்டவுனிலேயே டண்டி ரோட்டுக்குப் போனது. சோனியும் சாம்சங்கும் நம் நடுக்கூடத்துக்கு வருவதற்கு முன்பே உள்ளூர்ப் பெயர் ஒன்று அங்கே உட்கார்ந்திருந்தது.

அந்தக் காலத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். 1963 பிப்ரவரி 15-ம் தேதி இரவு, விக்டோரியா நினைவு மண்டபத்தில் கலாசார அமைச்சர் எஸ். ராஜரத்தினம் டிவி சேவையைத் தொடங்கி வைத்தார். யாழ்ப்பாணத் தமிழர், நம்மவர். அன்று வீட்டில் டிவி வைத்திருந்தவர்கள் மிகக் குறைவு. மற்றவர்களுக்குச் சமூக மன்றம்தான். பிள்ளைகள் முன்னால் தரையில், பெரியவர்கள் பின்னால் நின்றபடி. அதே ஆண்டு நவம்பரில் 8-ம் ஒளிவழி வந்தது. சீனமும் தமிழும் அதில் ஒண்டுக் குடித்தனம். தமிழுக்கென்று தனி ஒளிவழியாக வசந்தம் அமைய 2008 வரை காத்திருந்தோம்!

அதே 60களில் வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளும் எழுந்தன. சாவி கைக்கு வந்ததும் அடுத்த ஆசை என்ன? டிவிதான். தவணையில் வாங்கி, கதவைச் சாத்தி, மேலே பின்னல் துணி விரித்து, அதன் மேல் கல்யாண போட்டோ. தமிழ்ப்படம் போடுகிற அன்று பக்கத்து வீட்டு மலாய் மக்சிக்கும் சேர்த்துப் பாய் போட வேண்டும். இதற்கெல்லாம் ஆண்டுதோறும் உரிமக் கட்டணம் வேறு. கடைசியில் 110 வெள்ளியாக இருந்த அதை 2011-ல்தான் எடுத்தார்கள்.

சரி, செட்ரான் ஏன் நிலைக்கவில்லை? என் கணக்கு இது. உள்ளூரில் செய்து, மலேசியா முழுக்க விற்கலாம் என்பதுதான் 60களின் தொடக்கத்தில் இங்கே தொழில் தொடங்கியவர்களின் நம்பிக்கை. 1965 ஆகஸ்டில் பிரிந்தோம். இருபது லட்சத்துக்கும் குறைவான மக்கள் உள்ள ஊர், ஒரு டிவி கம்பெனிக்கு எத்தனை காலம் சோறு போடும்? அரசாங்கம் ஏற்றுமதிப் பக்கம் திரும்பியது. உலகத்துக்கே விற்கிற பெரிய கம்பெனிகள் வந்தன. தோ பாயோவில் பிலிப்ஸ் எழுந்தது. 1974-ல் கலர் ஒளிபரப்பு வந்தபோது, மக்கள் ஜப்பான் பெயர்களைத் தேடிப் போக ஆரம்பித்துவிட்டார்கள். சென்னையின் டிவி கம்பெனிகள் டயனோராவும் சாலிடேரும் பின்னாளில் பட்டது வேறென்ன?

ஆனால் இதில் என் மனம் நிற்பது கம்பெனியிடம் அல்ல. சித்தி 70களில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் லைனில் வேலை பார்த்தவர். இடது ஆள்காட்டி விரலில் பருப்பு அளவுக்கு ஒரு தழும்பு, சால்டரிங் கம்பி பட்டது. "அரிசில கல்லு பொறுக்கிப் பழகின கண்ணு, சின்னச் சின்ன வயரெல்லாம் எம்மாத்திரம்?" என்று சிரிக்கிறார். சம்பளக் கவரைப் பிரிக்காமல் தாத்தாவிடம் கொடுப்பாராம். திரும்பி வருவது பஸ் காசு. அவர் தம்பி படித்தது அந்தக் கவரில்தான்.

இந்த விரல்கள் எந்த அருங்காட்சியகத்தில் இருக்கின்றன? பெட்டியையாவது யாரோ சேர்த்து வைப்பார்கள். லைனில் உட்கார்ந்த பெண்களின் கதையை நாம் கேட்டால்தானே உண்டு? அவர்களுக்கு இப்போது எழுபது, எண்பது வயது.

அதனால் ஒரு வேண்டுகோள். இந்தத் தீபாவளிக்குப் பாட்டி வீட்டுக்குப் போகும்போது, முறுக்கைக் கையில் எடுத்துக்கொண்டு ஒரு கேள்வி கேளுங்கள்: "பாட்டி, நீங்க எந்த ஃபேக்டரியில வேலை பாத்தீங்க?" சொல்வதை அப்படியே எழுதி, பழைய படம் இருந்தால் அதையும் சேர்த்து எங்களுக்கு அனுப்புங்கள். வருவதை வெளியிடுகிறோம். முதல் கட்டுரை சித்தியுடையது.