வெள்ளை மாளிகையின் கோபமும் ஆம்பூர் ஷூ கம்பெனியும்

வேளாண் பக்கத்தில் அமெரிக்க அதிபருக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு வட்டாரத்தில் நிலம் வைத்திருப்பவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள். விடியற்காலையில் கிராமத்து நிறுத்தத்தில் நின்று ஷூ கம்பெனி பஸ் ஏறும் பெண்களில் பலர் விவசாயக் குடும்பத்தைச் சேர்ந்தவர்கள். கட்டிங், அப்பர் தையல், பேக்கிங் என்று உழைத்து அவர்கள் கொண்டுவரும் சம்பளத்தில்தான் உர மூட்டையும், மாட்டுத் தீவனமும், உழவுக்கூலியும் ஓடுகின்றன. நிலம் அந்த வீட்டுக்குச் சோறு போடுகிறது. ரொக்கம் ஷூவில் இருந்து வருகிறது.

அந்த ரொக்கத்தின் மீதுதான் 2025 ஆகஸ்டில் அடி விழுந்தது. 7-ஆம் தேதி இந்தியப் பொருள்களுக்கு 25 சதவீதக் கூடுதல் வரி, 27-ஆம் தேதி அதற்கு மேல் இன்னொரு 25. ஆயிரம் ரூபாய் மதிப்புள்ள ஒரு ஜோடி ஷூ அமெரிக்கத் துறைமுகத்தில் இறங்கினால், வழக்கமான வரி போக 500 ரூபாய் கூடுதலாகக் கட்ட வேண்டியிருந்தது. அப்போது அதே ஜோடி வியட்நாமில் இருந்து போனால் கூடுதல் 200 ரூபாய்தான். இந்தோனேசியா, கம்போடியா என்றால் 190. வாங்குகிறவர் எந்தக் கடைக்குப் போவார் என்று சந்தைக்குப் போய்ப் பழகிய உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இரண்டாவது 25 சதவீதத்துக்கு அதிபர் டொனால்ட் டிரம்ப் சொன்ன காரணம், நாம் ரஷ்யாவிடம் எண்ணெய் வாங்குகிறோம் என்பது. நம்மைவிட அதிகமாக ரஷ்ய எண்ணெய் வாங்கும் சீனாவுக்கு அந்தக் காரணத்தைச் சொல்லி வரி போடவில்லை. 2025 மே மாதம் இந்தியா–பாகிஸ்தான் சண்டையை நிறுத்தியது நான்தான் என்று டிரம்ப் திரும்பத் திரும்பச் சொல்லிவருகிறார். பாகிஸ்தான் நன்றி சொல்லி, நோபல் அமைதிப் பரிசுக்கும் அவர் பெயரைப் பரிந்துரைத்தது. இந்தியாவோ, இரு ராணுவங்களும் நேரடியாகப் பேசி முடித்துக்கொண்டது, மூன்றாம் ஆளுக்கு இதில் வேலை இல்லை என்றது. ஜூன் 17 தொலைபேசிப் பேச்சிலும் பிரதமர் மோடி இதையே சொன்னார். வரிக்கு இதுதான் காரணம் என்று யாராலும் நிரூபிக்க முடியாது. ஆனால் அப்போது பாகிஸ்தானுக்கு 19, நமக்கு 50 என்று இருந்த கணக்கைப் பார்ப்பவருக்கு அந்தச் சந்தேகம் வராமல் போகாது.

மற்ற நாடுகளைப் பார்த்தால் சந்தேகம் இன்னும் வலுக்கிறது. 2025-இல் பிரேசிலுக்கும் 50 சதவீதம். அங்கே முன்னாள் அதிபர் போல்சனாரோ மீது அப்போது நடந்த வழக்கை நிறுத்த வேண்டும் என்று டிரம்ப் ஜூலையில் எழுதிய கடிதத்திலேயே கேட்டிருந்தார். போல்சனாரோ அவருக்கு நண்பர். 2025 அக்டோபரில் கனடாவின் ஒன்டாரியோ மாநில அரசு, இறக்குமதி வரிகளை விமர்சித்து முன்னாள் அதிபர் ரீகன் பேசிய பழைய பேச்சை வைத்து ஒரு டிவி விளம்பரம் வெளியிட்டது. உடனே வர்த்தகப் பேச்சை நிறுத்தினார். மேலும் 10 சதவீதம் வரி என்றும் அறிவித்தார். ஒரு விளம்பரத்துக்கு வரி! சொந்த நாட்டு விவசாயியும் தப்பவில்லை. சீனாவோடு மூண்ட வரிச் சண்டையில் சீனா அமெரிக்க சோயா வாங்குவதை நிறுத்திவிட்டுப் பிரேசில் பக்கம் போனது. அக்டோபர் இறுதியில் சீன அதிபரைத் தென்கொரியாவில் நேரில் சந்தித்த பிறகே கொள்முதல் மறுபடி தொடங்கும் என்று அறிவிப்பு வந்தது. அறுவடைக் காலம் அதற்குள் பெரும்பாலும் முடிந்துவிட்டது.

பெரியவர்களுக்கு இது புதிதல்ல. 1956 முதல் பி.எல். 480 திட்டத்தில் அமெரிக்கக் கோதுமையை நம் ரூபாய்க்கே வாங்கிவந்தோம். லிண்டன் ஜான்சன் அதிபராக இருந்தபோது, 1965-இல் அந்த நீண்டகால ஒப்பந்தம் முடிந்தது. அதை அப்படியே புதுப்பிக்க அவர் மறுத்தார். டெக்சாஸ் பண்ணைக்காரர், உதவி வாங்குகிறவன் எதிர்த்துப் பேசுவதைப் பொறுக்காத மனிதர். அந்த ஆண்டு ஏப்ரலில் பிரதமர் சாஸ்திரியின் வாஷிங்டன் பயணத்தையே தள்ளிவைக்கச் செய்தார். அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் மழை பொய்த்த நேரத்தில், கோதுமையைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவித்தார். எவ்வளவு, எப்போது என்பதை அதிகாரிகளிடம் விடாமல் தானே முடிவு செய்தார். வியட்நாம் போரை இந்திரா காந்தி விமர்சித்தபோது ஒப்புதல் இன்னும் தாமதமானது. கப்பல் கரை சேர்ந்தால்தான் ரேஷன் கடைக்குத் தானியம் என்ற நிலை.

அதற்கு நம் தரப்பில் கிடைத்த நல்ல பதில் கோபமும் அல்ல, கட்டிப்பிடிப்பும் அல்ல. அன்றைய வேளாண் அமைச்சர் நம்ம சி.சுப்பிரமணியம். 1965 ஜனவரியில் இந்திய உணவுக் கழகம் பிறந்தது. அதன் முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில் திறக்கப்பட்டது. அதே காலத்தில் வேளாண் விலைக் குழுவும் வந்தது. 1966-இல் 18,000 டன் மெக்சிகோ கோதுமை விதை இறக்குமதியானது. இங்கே காவிரிப் படுகையில் ஆடுதுறை 27 நெல் பரவியது. வேளாண்மையை நவீனப்படுத்து என்று ஜான்சனும் நெருக்கினார் என்பது உண்மைதான். ஆனால் விதை, விலை, கொள்முதல் என்று மூன்றையும் அமைப்பாகக் கட்டியது நாம். அடுத்து எந்த அதிபர் வந்தாலும் நம் சோற்றுக்கு அவர் முகத்தைப் பார்க்க வேண்டாம் என்ற நிலை அதனால் வந்தது.

இப்போது நாம் செய்துகொண்டிருப்பது வேறு. 2019 செப்டம்பரில் ஹூஸ்டனில் ‘ஹௌடி மோடி’, 2020 பிப்ரவரியில் அகமதாபாத்தில் ‘நமஸ்தே டிரம்ப்’. இரண்டு தலைவர்களின் நட்பே வெளியுறவுக் கொள்கை என்று நமக்குக் காட்டப்பட்டது. ஹூஸ்டன் மேடைக்கு மூன்று மாதம் முன்புதான், 2019 ஜூன் 5-இல், இந்தியப் பொருள்களுக்கு இருந்த வரிச் சலுகையை இதே டிரம்ப் பறித்திருந்தார் என்பதை அந்தக் கைதட்டலில் மறந்துவிட்டோம். அந்த நட்பு ஆம்பூரைக் காப்பாற்றவில்லை.

நம் பிரதமரின் வாக்குறுதியையும் இதே தராசில்தான் வைக்க வேண்டும். 2025 ஆகஸ்ட் 7-இல், எம்.எஸ்.சுவாமிநாதன் நூற்றாண்டு மாநாட்டில், விவசாயிகள், கால்நடை வளர்ப்போர், மீனவர்கள் நலனில் சமரசம் கிடையாது, அதற்காகத் தனிப்பட்ட முறையில் பெரிய விலை கொடுக்கவும் தயார் என்றார். பால், சோளம், சோயா சந்தையைத் திறக்கச் சொல்லி நெருக்கடி இருந்த நேரம் அது. பேச்சு நெஞ்சைத் தொட்டது. ஆகஸ்ட் 19 முதல் பருத்திக்கான 11 சதவீத இறக்குமதி வரி நீக்கப்பட்டது. முதலில் செப்டம்பர் 30 வரை என்றார்கள், பிறகு டிசம்பர் 31 வரை என்று நீட்டினார்கள். அமெரிக்க வரியால் அடிபட்ட நூற்பாலைகளும் திருப்பூரும் இதைக் கேட்டதில் நியாயம் உண்டு. ஆனால் புதுப் பருத்தி சந்தைக்கு வரும் மாதங்களில் வெளிநாட்டுப் பஞ்சு வரியின்றி இறங்கினால் பெரம்பலூர், விருதுநகர் விவசாயிக்கு என்ன விலை கிடைக்கும்? ஷூவுக்கும் சட்டைக்கும் விழுந்த அடியில் ஒரு பங்கை அவரிடம் கேட்காமலே அவர் தோளில் ஏற்றியாயிற்று. தலைவரின் உறுதி எவ்வளவு உண்மையானதாக இருந்தாலும் அது ஒரு மனிதரின் உறுதி. எழுத்தில் இல்லாததை ஓர் அறிவிக்கை மாற்றிவிடும்.

அமெரிக்காவிலாவது கேட்க ஓர் இடம் இருக்கிறது. வரி போடும் அதிகாரம் அங்கே நாடாளுமன்றத்துக்கு உரியது. 1977-ஆம் ஆண்டின் அவசர நிலைச் சட்டத்தை வைத்து அதிபர் இப்படிச் செய்தது செல்லாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2025 ஆகஸ்ட் 29-இல் தீர்ப்பளித்தது. உச்ச நீதிமன்றம் அந்த ஆண்டு நவம்பர் 5-இல் வாதம் கேட்டது. இங்கே வேளாண்மை மாநிலப் பட்டியலில் இருக்கிறது. வெளிநாட்டு ஒப்பந்தமோ மத்திய அரசின் கையில். கையெழுத்திடும் முன் நாடாளுமன்றத்தில் வைத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 2025 ஜூலை 24-இல் பிரிட்டனோடு ஒப்பந்தம் கையெழுத்தானது. அந்த ஒப்பந்தப்படி அங்கே நம் தோல் காலணிக்கு வரி இல்லை, நல்லதுதான். ஆனால் அதில் வேளாண்மைக்கு என்ன கொடுத்தோம், என்ன காத்தோம் என்பதை நீங்கள் கையெழுத்துக்குப் பிறகுதான் தெரிந்துகொண்டீர்கள்.

பாலாற்றங்கரை விவசாயிகள் ஒன்று கேட்பார்கள்: எங்கள் கிணற்றையும் தென்னையையும் கெடுத்த தோல் ஷாப்புக்காக நாங்கள் ஏன் அழ வேண்டும்? கோபம் நியாயமானது. 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 ஜனவரி 30-இல் இழப்பீடு குறித்து மறுபடியும் உத்தரவிட வேண்டியிருந்தது. இருந்தாலும் இரண்டு விஷயங்களை யோசியுங்கள். ஷூ கம்பெனி வேலை போனால் முதலில் வீட்டுக்கு வருவது உங்கள் மகளும் மருமகளும்தான். பணம் சுருங்கிய தோல் ஷாப் முதலில் கைவைக்கும் செலவு சுத்திகரிப்புச் செலவாகவே இருக்கும். ஆர்டர் இல்லாத காலத்தில்தான் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கண் இன்னும் கூர்மையாக வேண்டும்.

வேளாண் அலுவலர்களும் ஆத்மா திட்டப் பணியாளர்களும் இந்தப் பருவத்தில் கிராமத்துக்குப் போகும்போது, ஷூ சம்பளத்தை நம்பி மாட்டுக் கடனோ நகைக் கடனோ புதிதாக வாங்க வேண்டாம் என்று சொல்லுங்கள். வாங்கியவர்களுக்குத் தவணை நீட்டிப்புக் கேட்க வழி காட்டுங்கள். விவசாயிகள் செய்ய வேண்டியது, வேலூர், திருப்பத்தூர், ராணிப்பேட்டை ஆட்சியர் அலுவலகங்களில் மாதந்தோறும் நடக்கும் குறைதீர் கூட்டத்தில் ஒரு மனு கொடுப்பது. புதுப் பருத்தி சந்தைக்கு வரும் மாதங்களில் பருத்தி வரி விலக்கு கூடாது. பால், சோளம், சோயா பற்றி எந்த நாட்டோடு எதை ஒப்புக்கொள்வதானாலும், அந்த ஷரத்து கையெழுத்துக்கு முன்பே தமிழில் வெளியாகி, நாடாளுமன்றத்தில் விவாதிக்கப்பட வேண்டும். மனுவின் நகலை உங்கள் தொகுதி எம்.பி.க்கும் அனுப்புங்கள், ஒப்புகைச் சீட்டோடு.