நூற்றை வகுத்தால் இரவு கழிந்துவிடாது

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், குவார்ட்சைட் என்ற சிற்றூரைச் சுற்றியுள்ள பாலைநிலத்தில் குளிர்காலம் முழுக்க ஆர்.வி. எனப்படும் வீட்டு வண்டிகள் வந்து நிற்கும். அங்கே பெரும்பாலும் மின் இணைப்பு கிடையாது, பேட்டரிதான் கதி. அது எவ்வளவு நேரம் தாங்கும் என்று கேட்டால் பலரும் ஒரே கணக்கைச் சொல்வார்கள்: 100 ஆம்பியர்-மணி பேட்டரி, 5 ஆம்பியர் செலவு, ஆக 20 மணி நேரம்.

அந்த 100 எங்கிருந்து வந்தது என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. ஈய-அமில பேட்டரியை 20 மணி நேரம் மெதுவாக, கடைசிவரை வடித்துப் பார்த்துப் போடும் எண் அது. மின்சாரத்தை வேகமாக இழுத்தால் கிடைக்கும் அளவு குறையும் என்று ஜெர்மானியரான பாய்க்கர்ட் 1897இலேயே கணக்கிட்டுக் காட்டிவிட்டார். 25 ஆம்பியர் இழுத்தால் வகுத்தல் கணக்குப்படி 4 மணி நேரம் ஓட வேண்டும். உண்மையில் 3 மணி நேரத்தை ஒட்டியே நின்றுவிடும். அதோடு, பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் பேட்டரியின் ஆயுளே குறையும். ஆக, நம்பிச் செலவழிக்கக்கூடியது 50தான்.

“ஃப்ரிட்ஜும் ஹீட்டரும் கேஸில்தானே ஓடுகின்றன?” என்பது அடுத்த வாதம். பலரை நடுநிசியில் குளிரில் தவிக்கவிடுவது இந்த நம்பிக்கைதான். எரிவது கேஸ்; ஆனால் சூடான காற்றை வண்டிக்குள் தள்ளும் விசிறிக்கு மின்சாரம் வேண்டும், சுமார் 7 ஆம்பியர். இரவில் அது விட்டுவிட்டு மொத்தம் 5 மணி நேரம் ஓடினாலே 35 போய்விடும். கேஸ் கசிவு அலாரம், ஃப்ரிட்ஜின் கட்டுப்பாட்டுப் பலகை போன்றவை யாரும் தொடாமலே 1 ஆம்பியர் அளவில் எடுத்துக்கொண்டே இருக்கும். டிசம்பரில் அங்கே இரவு ஏறத்தாழ 14 மணி நேரம். 35உம் 14உம் 49. ஒரு விளக்குகூடப் போடாமலே பாதி பேட்டரி காலி! தூக்கத்தில் மூச்சு தடைபடுவதால் சிபாப் என்ற சுவாசக் கருவி வைத்துத் தூங்குபவருக்கு இது வெறும் வசதிக்குறைவு அல்ல.

வோல்ட்மீட்டரைப் பார்த்தால் போதும் என்பார்கள். சும்மா கிடக்கும் பேட்டரியில் 12.6 வோல்ட் என்றால் நிறைவு, 12.1 என்றால் பாதி. ஆனால் சோலார் பேனல் ஏற்றிமுடித்த கையோடு பார்த்தால் கூடுதலாகவும், விசிறி ஓடும்போது பார்த்தால் குறைவாகவும் காட்டும்.

லித்தியம் பேட்டரிக்கு வகுத்தல் கணக்கு ஓரளவு பொருந்தும் என்பது உண்மை. ஏறக்குறைய முழுக் கொள்ளளவையும் எடுக்கலாம். ஆனால் இன்வெர்ட்டர் வழியாக மைக்ரோவேவ் ஓட்டினால் சுமார் பத்தில் ஒரு பங்கு வழியிலேயே வீணாகும். உறைநிலைக்குக் கீழே லித்தியம் பேட்டரியைச் சார்ஜ் செய்தால் அது கெட்டுப்போகும்.

பேட்டரிக்குள் வரும், போகும் மின்சாரத்தைக் கூட்டிக் கழித்துக் காட்டும் ஷன்ட் மீட்டர் ஒன்றைப் பொருத்தி, பயணத்துக்கு முன் ஒரு குளிர்ந்த இரவில் வீட்டு வாசலிலேயே மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு வண்டிக்குள் படுத்துப் பார்க்கலாம். காலையில் மீட்டர் காட்டும் செலவை வைத்து எத்தனை பேட்டரி வேண்டும் என்று முடிவுசெய்யலாம்.