இரவு இரண்டு மணிக்கு யார் வருகிறார்கள்?

முதியோர் இல்லங்களின் தரத்தை மதிப்பிடக் கூடாது என்று சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தபோது கோபம் வந்தது. ஆறவிட்டு மறுபடி படித்தேன், கோபம் கூடியது.

கட்டுரையாளர் பல ஆண்டுகளாக ஒரு முதியோர் இல்லத்தை நடத்தி வருபவர். அவர் சொல்வதன் சாரம் இதுதான். அன்பை அளக்க அளவுகோல் கிடையாது. தொண்டு நடக்கும் இடத்துக்குள் அதிகாரிகள் படிவங்களோடு நுழைவது தொண்டு செய்கிறவர்களை அவமதிப்பது. பெற்றவர்களை வீட்டில் வைத்துக்கொள்ளாத பிள்ளைகளுக்குக் கேள்வி கேட்கத் தகுதியில்லை. சந்தேகம் இருப்பவர்கள் எந்த நாளிலும் வந்து தரையின் சுத்தத்தையும் பெரியவர்களின் சிரித்த முகத்தையும் பார்த்துக்கொள்ளலாம். தர விதி என்று ஒன்று வந்தால் ஏழை இல்லங்கள் மூடப்படும், அங்கிருப்பவர்கள் தெருவுக்கு வருவார்கள். இந்தக் கடைசி வாதத்துக்குப் பதில் சொல்லத்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கிறது. மற்றவை தொட்டாலே சரிகின்றன.

அன்பை அளக்க முடியாதுதான். அளக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. படுத்த படுக்கையாகிவிட்ட ஒரு பாட்டியை ஒரே பக்கமாகக் கிடத்தி மணிக்கணக்கில் விட்டுவிட்டால் இடுப்புக்குக் கீழே, எலும்பு துருத்தும் இடத்தில் தோல் சிவக்கும். விரலால் அழுத்தி எடுத்தாலும் அந்தச் சிவப்பு வெளிறாது. அது படுக்கைப்புண்ணின் முதல் நிலை. இரண்டாவதில் தோல் உரியும். மூன்றாவதில் கொழுப்பு வரைக்கும் குழி விழும். நான்காவதில் எலும்பே தெரியும். பல நாட்டு நர்ஸ்களும் இந்த நிலைகளை வைத்துத்தான் குறிப்பெழுதுகிறார்கள். புண் எங்கே, எத்தனை சென்டிமீட்டர், எந்தத் தேதியில் முதலில் கண்டது, அதற்குப் பிறகு இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைத்தது யார்? இத்தனையும் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதக்கூடிய விஷயங்கள். நல்ல கவனிப்பிலும் சிலருக்கு, முக்கியமாகச் சாவு நெருங்கியவர்களுக்கு, புண் வரும். அது தவிர்க்க முடியாமல் வந்ததா, திருப்பிவிட ஆளில்லாமல் வந்ததா என்பதை அந்த நோட்டு ஒன்றுதான் சொல்லும்.

எடையும் அப்படித்தான். ஒரே மாதத்தில் உடல் எடையில் 5 சதவீதமோ ஆறு மாதத்தில் 10 சதவீதமோ குறைந்தால் அமெரிக்க இல்லங்களின் மதிப்பீட்டுப் படிவத்தில் அதைக் கட்டாயம் குறித்தாக வேண்டும். ஐம்பது கிலோ இருந்த ஒரு தாத்தா ஒரு மாதத்தில் இரண்டரைக் கிலோ இளைத்துவிட்டார் என்றால் கேட்க வேண்டிய கேள்விகள் வரிசையாக இருக்கின்றன. பல்செட் லூசாகிவிட்டதா? விழுங்கச் சிரமப்படுகிறாரா? கை நடுங்குகிறவருக்கு ஊட்டிவிட யாரும் இல்லாமல் தட்டு அப்படியே திரும்பிப் போகிறதா? எடை மெஷினில் ஏற்றாத இல்லத்தில் இந்தக் கேள்விகள் எழவே எழாது. வேட்டி இடுப்பில் நிற்காமல் நழுவும்போதுதான் தெரியும்.

நம் ஊர் அங்கன்வாடிகளில் குழந்தைகளை மாதாமாதம் நிறுத்து, எடையை அட்டையில் புள்ளி வைத்து எழுதுகிறார்கள். 1975-ல் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கிய காலத்திலிருந்து வரும் பழக்கம் அது. அதனால் அங்கன்வாடி ஆயாவின் பாசம் கொச்சைப்பட்டுவிட்டதாக இதுவரை யாரும் எழுதவில்லை. தன் பசியைச் சொல்லத் தெரியாத மூன்று வயதுக் குழந்தைக்கு நாம் கொடுத்த அந்தக் காவலை, மறதிநோய் முற்றித் தன் பசியைச் சொல்ல முடியாமல் போன எண்பத்து மூன்று வயதுக்காரருக்கு மறுப்பது எந்த நியாயத்தில் சேரும்?

வந்து பாருங்கள் என்று அழைக்கிறார். அந்த அழைப்பைத்தான் நான் அதிகம் எதிர்க்கிறேன். நம் முதியோர் இல்லங்களுக்கு வெளியாட்கள் எப்போது போகிறார்கள்? பிறந்தநாளுக்கு, கல்யாண நாளுக்கு, அப்பாவின் திதிக்கு. அநேகமாகப் பகல் பன்னிரண்டரைக்கு. அதற்குள் எல்லோரையும் குளிப்பாட்டி, திருநீறு பூசி, ஹாலில் வரிசையாக உட்கார வைத்திருப்பார்கள். சோறு, சாம்பார், வடை, பாயசம். சாப்பாடு கொடுத்தவரின் பெயரைச் சொல்லி ஒரு பிரார்த்தனை, ஒரு குரூப் போட்டோ. முகூர்த்த மாதங்களில் ஒரே நாளில் இரண்டு குடும்பங்கள் வரும். சர்க்கரை நோயாளிக்கு இரண்டு தடவை பாயசம் கிடைக்கும். அதைத் தடுக்க ஒரு நர்ஸ் இருக்கிறாரா என்று நன்கொடையாளர் கேட்பதில்லை. கேட்கத் தெரியாது, அது அவர் குற்றமும் இல்லை. ஹாலுக்கு வர முடியாதவர்கள், அதாவது இல்லத்தின் தரம் யார் உடம்பில் எழுதப்பட்டிருக்கிறதோ அவர்கள், பின்னறைகளில் இருக்கிறார்கள். அங்கே போட்டோ எடுப்பதில்லை.

ஒரு இல்லத்தில் அப்படி ஒரு பின்னறைக்கு நான் போயிருக்கிறேன். அறை சுத்தமாக இருந்தது. ஃபினாயில் வாசனை, துவைத்த போர்வை, ஜன்னலில் புதுத் திரை. கட்டிலில் இருந்த அம்மாளின் காலில் கம்பளிச் சாக்ஸ். மே மாதம். குளிருமே என்று போட்டோம் என்றார்கள். கழற்றச் சொன்னேன். இரண்டு குதிகாலும் கறுத்துப்போயிருந்தன. தரையின் பளபளப்பைக் கட்டுரையாளர் சாட்சிக்கு அழைக்கும்போது எனக்கு அந்தக் குதிகால்கள்தான் கண்ணில் நிற்கின்றன. மருத்துவத் தரத்தை எப்படி ஆராய்வது என்று 1966-ல் மருத்துவர் அவேதிஸ் டொனபீடியன் எழுதியபோது மூன்று இடங்களைப் பார்க்கச் சொன்னார்: என்ன வசதி இருக்கிறது, அதை வைத்து என்ன செய்கிறார்கள், செய்ததால் அந்த மனிதருக்கு என்ன ஆனது. கட்டுரையாளர் முதலாவதின் வாசலிலேயே நின்றுகொண்டு நம்மைத் திருப்பி அனுப்பப் பார்க்கிறார்.

சிரித்த முகங்களுக்கு வருவோம். மகள் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வருகிறாள். மகன் வெளிநாட்டிலிருந்து வீடியோ காலில் பேசுகிறான். பக்கத்தில் போனைப் பிடித்துக்கொண்டு நிற்பது ஆயாவோ மேனேஜரோ. "எல்லாம் நல்லாத்தாம்மா பாத்துக்குறாங்க" என்று அந்தப் பெரியவர் சொல்கிறார். வேறு என்ன சொல்வார்? மகள் ஐந்து மணி பஸ்ஸுக்குப் போய்விடுவாள். அன்று ராத்திரி அவரை பாத்ரூமுக்குத் தாங்கிக்கொண்டு போக வேண்டியவர் அதே ஆயா. தன் உடம்பின் அத்தனை தேவைக்கும் ஒருவரை நம்பியிருக்கிறவர் அவரைப் பற்றிக் குறை சொல்வதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்பதை இல்லம் நடத்துகிறவருக்கு நான் விளக்க வேண்டியிருப்பது வேதனை. நன்றாகப் பார்த்துக்கொள்கிறார்களா என்று கேட்பது ஆய்வே ஆகாது. தனியாக உட்கார்ந்து, நேற்று ராத்திரி என்ன சாப்பிட்டீர்கள், கடைசியாக எப்போது வெளியில் நடந்தீர்கள், பெல் அடித்தால் யார் வருகிறார்கள், வர எவ்வளவு நேரம் ஆகிறது, உங்கள் கண்ணாடியும் காது மிஷினும் எங்கே என்று கேட்க வேண்டும்.

அமைதியான இல்லம் என்பதையும் அவர் பெருமையாக எழுதியிருக்கிறார். அமைதி மாத்திரையாலும் வரும். மறதிநோய் உள்ளவர்கள் ராத்திரியில் எழுந்து நடப்பார்கள், கூப்பிடுவார்கள், வீட்டுக்குப் போக வேண்டும் என்பார்கள். உடன் உட்கார ஆளில்லாத இடத்தில் மனநோய்க்கான மாத்திரைகளைக் கொடுத்து அடக்கிவிடுவது சுலபம். மறதிநோய் உள்ள முதியவர்களுக்கு இந்த மருந்துகள் சாவின் அபாயத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005-லேயே மிகக் கடுமையான எச்சரிக்கையை அச்சிடச் சொன்னது. பிரிட்டனில் ஆண்டுக்குச் சுமார் 1,800 கூடுதல் மரணங்கள் இதனால் நேர்கின்றன என்று அந்நாட்டு அரசுக்காக 2009-ல் தயாரான அறிக்கை மதிப்பிட்டது. ஆகவே ஒரு ஆய்வாளர் கேட்டு வாங்க வேண்டிய முதல் காகிதம் மாத்திரைப் பட்டியல். எத்தனை பேருக்குத் தூக்க மாத்திரை, எத்தனை பேருக்கு மனநோய் மருந்து, எந்த டாக்டர் எழுதினார், கடைசியாக எப்போது மறுபடி பார்த்தார்? இதில் அவமானம் எங்கிருந்து வருகிறது?

வெளிநாட்டிலேயே ஆய்வு தோற்றது என்று ஆஸ்திரேலியாவைத் துணைக்கு அழைத்திருக்கிறார். பாதிக் கதையைச் சொல்லி நிறுத்தியிருக்கிறார். அடிலெய்டில் ஓக்டன் என்ற அரசுக் காப்பகம், மனநலப் பிரச்சினையும் மறதிநோயும் உள்ள முதியவர்களுக்கானது. 2016-ல் நடந்த தர ஆய்வில் 44 அம்சங்களுக்கு 44-ம் தேறியது. அடுத்த ஆண்டே மாநிலத் தலைமை மனநல மருத்துவர் நடத்திய விசாரணையில் அங்கே நடந்த கொடுமைகள் வெளியாகி, இல்லம் மூடப்பட்டது. முதல் ஆய்வு ஏன் ஏமாந்தது? தேதி சொல்லிவிட்டு வந்தார்கள், காட்டிய காகிதத்தை நம்பினார்கள். இதிலிருந்து அந்த நாடு, ஆய்வே வேண்டாம் என்ற முடிவுக்கு வரவில்லை. 2018 ஜூலையிலிருந்து மறு அங்கீகார ஆய்வுகளை முன்னறிவிப்பில்லாமல் நடத்தத் தொடங்கினார்கள். அதே ஆண்டில் முதியோர் பராமரிப்பை விசாரிக்க ராயல் கமிஷன் அமைத்தார்கள். 2019-ல் வந்த இடைக்கால அறிக்கைக்கு ‘புறக்கணிப்பு’ என்றே தலைப்பு. 2021 மார்ச்சில் இறுதி அறிக்கை. அதன்படி, இல்லத்தில் இருக்கும் ஒருவருக்குச் சராசரியாக நாளுக்கு 200 நிமிடப் பராமரிப்பு, அதில் 40 நிமிடம் பதிவுபெற்ற நர்ஸின் கையால் என்று 2023 அக்டோபரில் கட்டாயமாக்கினார்கள். மறு ஆண்டு அதை 215 ஆக உயர்த்தினார்கள். அளக்க முடியாது என்று அவர் சொல்கிற கவனிப்பை அங்கே நிமிடக் கணக்கில் கேட்டு வாங்குகிறார்கள். அமெரிக்காவிலும் 2008-ல் நட்சத்திர மதிப்பீடு வந்தபோது ஊழியர் எண்ணிக்கையை இல்லங்களே எழுதிக் கொடுத்தன. ஊதிப் பெருக்கிய கணக்குகள் என்று புகார் வந்த பிறகு, 2018 முதல் சம்பளப் பட்டியலை வாங்கிச் சரிபார்க்கிறார்கள்.

இன்னொன்றையும் அவர் விட்டுவிட்டார். ஓக்டன் விசாரணைக்குக் காரணமாக இருந்தது ஒரு குடும்பம் கொடுத்த புகார். அப்பாவின் உடம்பில் இருந்த காயங்களைப் பார்த்து, மருந்தின் அளவைக் கேட்டு, விடாமல் எழுதிக்கொண்டே இருந்தார்கள். இல்லத்தில் சேர்த்த பிள்ளைகளுக்குக் கேட்கத் தகுதியில்லை என்ற விதியை அங்கேயும் வைத்திருந்தால் அந்தக் கட்டடம் இன்னும் இயங்கிக்கொண்டிருக்கும். நம் ஊரில் இல்லங்களில் இருப்பவர்களில் கல்யாணமாகாதவர்கள், பிள்ளை இல்லாத விதவைகள், பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள், பிள்ளைகளுக்குப் பாரமாக இருக்க வேண்டாம் என்று தாங்களே பெட்டியை எடுத்துக்கொண்டு வந்தவர்கள் எத்தனை பேர்? மகன் கைவிட்டது பாவம் என்றால் அந்தப் பாவத்துக்குத் தண்டனையை அம்மாவின் முதுகு ஏன் அனுபவிக்க வேண்டும்?

2007-ம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் கைவிடும் பிள்ளைக்கு மூன்று மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம் என்கிறது. மாவட்டத்துக்கு ஒன்றாக, ஆதரவற்ற 150 பேராவது தங்கும் இல்லங்களை மாநில அரசு அமைக்கலாம், அவற்றின் தரத்தை வகுக்கலாம் என்கிறது. மற்ற இல்லங்களையும் பதிவுக்கும் குறைந்தபட்சத் தரத்துக்கும் உட்படுத்த 2019 டிசம்பரில் கொண்டுவந்த திருத்த மசோதா நிறைவேறாமலே அந்த மக்களவையோடு காலாவதியானது. தமிழ்நாட்டில் 2011 கணக்கெடுப்பிலேயே அறுபது வயதைத் தாண்டியவர்கள் பத்தில் ஒருவருக்கு மேல். இந்த நிலைமையில், ஆய்வு கூடாது என்று சொல்ல இல்லம் நடத்துகிறவரே முன்வந்திருக்கிறார்.

இனி அந்தக் கடைசி வாதம். ஏழை இல்லங்கள் மூடப்படும் என்ற பயம் பொய்யில்லை. ஃபயர் சர்டிபிகேட், அகலக் கதவு, தனி டாய்லெட் என்று கட்டடத்தை மட்டும் பட்டியல் போட்டு, இல்லாதவர்களுக்குப் பூட்டுப் போட்டால் பணமுள்ள இல்லங்கள் மட்டுமே தப்பும். அப்படி ஒரு ஆய்வு வந்தால் நானும் எதிர்ப்பேன். ஆனால் எடை மெஷினுக்கு என்ன விலை? விழுந்தவர்கள் பெயரை எழுதி வைக்க என்ன செலவு? செலவு ஆட்களில்தான். முப்பது பேருக்கு ராத்திரியில் ஒரே ஆயா என்றால், அவர் எவ்வளவு தங்கமானவராக இருந்தாலும், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எல்லோரையும் திருப்பிப் படுக்க வைக்க அவரால் முடியாது. டயப்பர் மாற்றவே விடிந்துவிடும். ஏதாவது நடந்தால் பழி விழுவதும் அவர் தலையில்தான். முப்பதுக்கு ஒருவர் என்ற உண்மை பதிவேட்டில் இருந்தால்தான் அவரைக் காப்பாற்ற முடியும். அரசிடம் போய், எங்களுக்கு இன்னும் இரண்டு ஆளுக்குச் சம்பளம் கொடுங்கள் என்று கேட்கவும் முடியும். கணக்கே இல்லாத இல்லத்தால் மானியத்துக்கு எதைக் காட்டி வாதாட முடியும்? வறுமையைக் காரணம் காட்டி மறைத்து வைப்பதால் லாபம் அடைகிறவர் யார் என்று கட்டுரையாளர் சொல்லட்டும்.

அவர் தன் இல்லத்தைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார். எனவே அந்த இல்லத்தைப் பற்றியே கேட்கிறேன். அடுத்த இதழில் நாலு விவரங்களை, யார் பெயரும் இல்லாமல், வெளியிடட்டும்: கடந்த ஆறு மாத எடைக் கணக்கு, இப்போது படுக்கைப்புண் உள்ளவர்கள் எத்தனை பேர், அதில் எத்தனை பேருக்கு இல்லத்துக்கு வந்த பிறகு வந்தது, மனநோய் மருந்து சாப்பிடுகிறவர்கள் எத்தனை பேர். கூடவே, இந்த வாரம் நைட் டியூட்டியில் எத்தனை பேர் என்ற எண்ணிக்கை. அவர் அழைப்பையும் ஏற்கிறேன். தேதி சொல்ல மாட்டேன். ராத்திரியில் வருவேன், பின்னறைக்கு.